பனிக்குக் கணக்கு வைத்த பள்ளத்தாக்கு

ஸ்பிதி ஆற்றையொட்டிப் போகும் சாலையில் ஊர் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழுப்பும் சாம்பலுமாகக் காய்ந்து கிடக்கும் மலைச்சரிவில் திடீரென்று ஒரு பச்சைத் துண்டு தெரியும். அதுதான் ஊர். பச்சை முடியும் இடத்தில் கோடு கிழித்ததுபோல மறுபடியும் கல்லும் புழுதியும் தொடங்கிவிடும். அந்தக் கோட்டைப் போட்டது வாய்க்கால். வாய்க்காலுக்குக் கீழே பார்லி, பட்டாணி, நாலைந்து வில்லோ மரங்கள். மேலே ஒன்றுமில்லை.

இமயமலைப் பள்ளத்தாக்குகளைப் பற்றி நம்மிடம் புழங்கும் எழுத்துகள் பெரும்பாலும் உயரத்தைப் பற்றியே பேசுகின்றன. ஸ்பிதியில் அதற்குப் பஞ்சமில்லை. சுமார் 4,400 மீட்டர் உயரத்தில், 1983 முதல் இயங்கிவரும் ஹிக்கிம் தபால் நிலையம் இருக்கிறது. அதற்கும் மேலே கோமிக் கிராமம் இருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லா நாளிதழ்களிலும் படம் வரும் தாஷிகாங் வாக்குச்சாவடியும் இங்கேதான். ஆனால் ஸ்பிதியைப் புரிந்துகொள்ள உயரம் அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அந்த ஊர்கள் பிடிபடும். யார் எந்த வீட்டில் இருப்பது, யாருக்குக் கல்யாணம், யார் மடாலயத்துக்குப் போவது, ஊரில் எத்தனை அடுப்பு எரியலாம் என்பதுவரை, பனி உருகி வரும் நீரின் அளவை வைத்தே வாழ்க்கையை அமைத்துக்கொண்ட சமூகம் அது. பல நூற்றாண்டுகள் சரியாக வந்த அந்தக் கணக்கு நம் கண் முன்னே பிசகிக்கொண்டிருக்கிறது.

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தின் பரப்பு 13,800 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஸ்பிதியில் மட்டும் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர். லாஹௌலையும் ஸ்பிதியையும் ஒரே மாவட்டமாகச் சேர்த்து எழுதினாலும் நடுவில் 4,500 மீட்டருக்கு மேல் நிற்கிறது குன்ஸும் கணவாய். குளிர்காலத்தில் அது மூடிவிடும். ரோதாங் கணவாயின் அடியில் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை லாஹௌலின் வாழ்க்கையை மாற்றிப்போட்டது. ஸ்பிதிக்கோ அதனால் கோடையில்தான் பயன். பனிக்காலத்தில் அவர்களுக்கு வாசல் கிழக்குப் பக்கம் கின்னௌர் வழியாக, சட்லெஜ் ஆற்றோரமாக வரும் சாலைதான்.

மணாலி பக்கம் தேவதாரு மரங்கள் அடர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டினால் மழை மறைவு நிலம். ஆகவே ஸ்பிதிக்கு வானம் தருவது பெரும்பாலும் பனிதான். நவம்பரில் விழத் தொடங்கும் பனி மலைமேல் சேர்ந்து, ஏப்ரல் முதல் மெல்ல உருகி இறங்கும். கோடையில் மழையை எதிர்பார்த்து விதைப்பவர் அங்கே யாருமில்லை. குளிர்காலத்தில் மலை எவ்வளவு வெளுத்தது என்பதைப் பார்த்தே வரும் வெள்ளாமையை மதிப்பிடுவார்கள்.

இவ்வளவு வறண்ட நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதுவதற்கு முன் இடையில் கிடந்த டெத்திஸ் கடலின் படிவுகள்தான் இன்றைய ஸ்பிதி மலைகள். லாங்ஸா கிராமத்தைச் சுற்றி, சுருண்ட ஓடுகளின் அச்சு பதிந்த கறுப்புக் கற்கள் கிடைக்கும். அம்மோனைட் என்ற கடலுயிரியின் தொல்லெச்சங்கள் அவை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. புவியியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கரும்பாறை அடுக்குக்கு ஸ்பிதியின் பெயரை வைத்துவிட்டார்கள். அதே அடுக்கு கிழக்கே நேபாளம் வரை நீள்கிறது. கண்டகி ஆற்றில் கிடைத்து, நம் வைணவ வீடுகளின் பூஜையறைக்கு வந்து சேரும் சாளக்கிராமமும், லாங்ஸா பிள்ளைகள் சரிவில் பொறுக்கும் கல்லும் ஒரே கடலடியில் படிந்தவை. முக்திநாத்தை 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக எண்ணும் மரபிலிருந்து வரும் வாசகருக்கு இந்த உறவு புதிதாக இருக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் பிள்ளைகள் இந்தக் கற்களை விற்க வருவதுண்டு. தயவுசெய்து வாங்காதீர்கள். மலையில் இருக்கும்வரைதான் அவற்றுக்கு அர்த்தம்.

இனி வாய்க்காலுக்கு வருவோம். இமாச்சலில் அதைக் கூல் என்பார்கள். ஊருக்குப் பல கிலோமீட்டர் மேலே, பனி உருகி ஓடையாகக் கூடும் இடத்தில் அது தொடங்கும். சரளைக் கல் சரிவுகளிலும் பாறை விளிம்புகளிலும் வளைந்து வளைந்து, வாட்டம் தவறாமல் ஊர்வரை இறக்கிக்கொண்டுவர வேண்டும். வாட்டம் அதிகமானால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் தேங்கும். மட்டம் பார்க்கும் கருவி எதுவுமில்லாமல், ஓடும் நீரையே மட்டமாக வைத்து வெட்டிய வாய்க்கால்கள் இவை. கல்லும் களிமண்ணும் புல்வேரோடு பெயர்த்த மண்கட்டியும்தான் கரை. குளிர்காலப் பனிச்சரிவு ஆண்டுதோறும் எங்காவது உடைத்துவிடும். அதனால் விதைப்புக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். வராத வீடு தண்டம் கட்ட வேண்டும்.

வாய்க்கால் நேரே வயலுக்குப் போவதில்லை. ஊருக்கு மேலே ஒரு குட்டையில் விழும். இரவெல்லாம் ஓடிவரும் நீர் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். விடிந்ததும் மடையைத் திறந்து முறைப்படி பாய்ச்சுவார்கள். பகலின் உச்சியில்தான் பனி வேகமாக உருகும், இரவில் ஓடை மெலிந்துவிடும் என்பதால், சிறு ஓடையைக் கொண்டு ஓர் ஊர் பிழைக்க இந்தக் குட்டை இல்லாமல் முடியாது. இத்தனை செய்தும் ஆண்டுக்கு ஒரே வெள்ளாமைதான். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து ஆகஸ்ட், செப்டம்பரில் அறுத்துவிட வேண்டும்.

அந்த நீர் ஊரில் எல்லாருக்கும் சமமான சொத்து இல்லை. பாசன உரிமை காங்சென் எனப்படும் பெரிய வீடுகளைச் சேர்ந்தது. ஊரை முதலில் நிறுவிய குடும்பங்களின் வழிவந்தவை அவை. காங் என்றால் வீடு, சென் என்றால் பெரியது. நிலமும் நீர்முறையும் ஊர்க்கடமையும் வரியும் அந்த வீட்டோடு ஒட்டியவை. அவர்கள் பாய்ச்சிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தண்ணீர். அதற்கு ஈடாக உழைப்போ பணமோ தர வேண்டியிருக்கும்.

ஸ்பிதியின் குடும்ப அமைப்பே இங்கிருந்துதான் கிளைக்கிறது. காங்சென் வீடு மூத்த மகனுக்கு. பிரிவினை கிடையாது. மூத்தவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்ததும் தாய் தந்தையர் பெரிய வீட்டை அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கத்திலுள்ள சிறிய வீட்டுக்குக் குடிபெயர்வார்கள். அதன் பெயர் காங்சுங். பிழைப்புக்கு ஒரு சிறு வயலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். சாகும்வரை பெரியவர் கையிலேயே சாவி இருக்கும் குடும்பங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். மலை வயலில் உழைக்கும் வயதுள்ளவன் கையில் நிலம் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த வழக்கம் இது. தாயின் நகைகள் மூத்த மகளுக்கு. இளைய மகன்கள் சிறுவயதிலேயே மடாலயத்துக்குப் போவார்கள். மூத்தவன் வாரிசில்லாமல் இறந்துவிட்டால், துறவியான தம்பி காவியைக் களைந்துவிட்டு வந்து வீட்டைப் பொறுப்பேற்பதும் உண்டு.

நிலத்தை நான்கு மகன்களுக்குப் பங்கு போட்டால், நான்கு துண்டு நிலம் கிடைக்கும். ஓடையை நான்காக்க முடியாது. எத்தனை வயலுக்கு நீர் பாயுமோ அத்தனை வீடுகள்தான் ஊரில் நிலைக்க முடியும். பக்கத்திலுள்ள கின்னௌரிலும் லாஹௌலிலும் இதே நெருக்கடிக்கு வேறு விடை கண்டார்கள்: சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணந்து, சொத்து பிரியாமல் காத்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒன்றை வினோதம் என்றும் மற்றதைப் பக்தி என்றும் எழுதிவைத்தார்கள். இரண்டுக்கும் அடியில் ஓடுவது அதே வாய்க்கால் நீர்தான்.

இந்த ஏற்பாட்டை நான் போற்றிப் பாட மாட்டேன். விலை கொடுத்தவர்கள் தம்பிகளும் பெண்களும். ஏழெட்டு வயதில் மடாலயத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளையிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை. மணமாகாத பெண்களுக்குப் பிறந்த வீட்டிலோ கன்னிமடத்திலோ வேலைதான் மிஞ்சியது. நீர் பாய்ச்சுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையில், நிலம் மட்டும் ஆண் பெயரில். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழியப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதனால் இங்கே வழக்காறே சட்டமாக நிற்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று இமாச்சலின் பழங்குடிப் பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மடாலயங்களை இந்தப் பின்னணியோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். மலைமுகட்டில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் கீ மடாலயத்தின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அங்கே இருக்கும் துறவி ஒவ்வொருவருக்கும் கீழே ஏதோ ஓர் ஊரில் அண்ணன் இருக்கிறார், அண்ணனிடம் வயல் இருக்கிறது. அறுவடைக்குத் துறவிகள் வீட்டுக்கு வந்து கைகொடுப்பார்கள். வீட்டிலிருந்து பார்லி மடாலயத்துக்குப் போகும். கோயிலும் குடும்பமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

பழமையில் தலையாயது தாபோ. கி.பி. 996இல் மேற்குத் திபெத்தின் கூகே அரசைச் சேர்ந்த யேஷே ஓ நிறுவியது. சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்த ரின்சென் சாங்போவின் காலம் அது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் குட்டிச்சுவர்கள், தட்டைக் கூரைகள். உள்ளே சென்று கண் இருட்டுக்குப் பழகியதும், சுவரிலிருந்து முன்னுக்கு வந்து அமர்ந்திருக்கும் சுதை உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். நடுவில் வைரோசன புத்தர், சுற்றிலும் முப்பத்திரண்டு தெய்வங்கள். மண்டபமே ஒரு மண்டலமாக, அதாவது தெய்வங்களை அவரவர் இடத்தில் அமர்த்திய புனித வரைபடமாக, அமைந்திருக்கிறது. சுவர்களில் ஆயிரம் ஆண்டு வண்ணங்கள். 1975 ஜனவரி 19 அன்று கின்னௌரை உலுக்கிய நிலநடுக்கத்தில் தாபோ சேதமடைந்தும் விழவில்லை. புதிய கூடம் 1983இல் எழுந்தது. வெயிலில் காய்ந்த மண்கல்லில் கட்டிய ஒரு கட்டடம் ஆயிரம் ஆண்டு நின்றதற்குக் கட்டியவர்களின் திறமை பாதிக் காரணம். மழை பெய்யாத வானம் மீதிக் காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிதியில் வந்து சேரும் ‘பின்’ என்ற கிளையாற்றின் பள்ளத்தாக்கில் கதை சற்று வேறு. அங்கே திபெத்திய பௌத்தத்தின் பழைய பிரிவான நியிங்மா மரபு. புசென் எனப்படும் துறவிகள் மணம் செய்துகொள்வார்கள். ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லி, நாடகம் ஆடி, கடைசியில் ஒருவர் வயிற்றின் மேல் பெரிய கல்லை வைத்து இன்னொரு கல்லால் உடைக்கும் சடங்கை நடத்துவார்கள். கல்லோடு ஊரின் தீவினையும் உடைகிறது என்பது நம்பிக்கை. திபெத்தில் இரும்புச் சங்கிலிப் பாலங்கள் கட்டிய, 15ஆம் நூற்றாண்டின் தாங்தோங் கியல்போவைத் தங்கள் முதல் குருவாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியிருக்கும் புசென்கள் மிகச் சிலரே.

வீடுகளும் மண்தான். கீழ்த்தளத்தில் ஆடு, மாடு, யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பின மாடுகள். அவற்றின் உடல் வெப்பம் மேல்தளத்துக்கு ஏறும். குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 25, 30 டிகிரி வரை இறங்கும்போது, குடும்பம் முழுவதும் அடுப்பிருக்கும் ஒரே அறையில் கூடிவிடும். வறுத்த பார்லி மாவு, வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைந்த தேநீர், காயவைத்த இறைச்சி, பார்லிக் கள். கழிப்பறை மாடியில் இருக்கும். தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்ணும் சாம்பலும் கலந்த குவியல், ஒரு மண்வாரி. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கீழே சேர்வது வசந்தத்தில் வயலுக்கு எருவாகும். காடில்லாத நாட்டில் சாணத்தை எரித்துக் குளிர்காய வேண்டியிருப்பதால் வயலுக்கான எருவில் பெரும்பங்கு இந்த அறையிலிருந்துதான் வந்தது.

இந்த அமைப்பு மூடிக் கிடந்த உலகமாக ஒருபோதும் இருந்ததில்லை. பராங் கணவாய் வழியாக லடாக்கின் ருப்ஷு மேய்ச்சல்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் நடந்தது. ‘பின்’ பள்ளத்தாக்கின் குதிரைகள் போகும், யாக்குகள் வரும். திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் வந்தன. கிப்பர் கிராமத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் கூடிய லாதர்ச்சா சந்தையில் ஸ்பிதி, லடாக், கின்னௌர் வியாபாரிகள் கலந்தார்கள். 1846இல் ஸ்பிதி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோதும், நோனோ என்ற பரம்பரைத் தலைவரிடமே நிர்வாகம் இருந்தது. 1873இல் அதற்கெனத் தனி ஒழுங்குவிதியே போட்டார்கள். 1962 போருக்குப் பின் திபெத் எல்லை மூடியது. உப்பு வந்த திசை அடைபட்டது. சமவெளியிலிருந்து ராணுவத்துக்காகப் போட்ட சாலை வழியே அரிசியும் கோதுமையும் ரேஷன் கடைக்கு வந்தன.

அதே சாலைதான் 1980களில் பச்சைப் பட்டாணியைக் கொண்டுவந்தது. சமவெளி வெந்துகொண்டிருக்கும் மாதங்களில் ஸ்பிதியில் பட்டாணி விளையும், ஆகவே தில்லிச் சந்தையில் நல்ல விலை. வறட்சி தாங்கும் கருப்புப் பட்டாணியும் பார்லியும் பின்வாங்கின. முதன்முறையாகக் கையில் காசு புரண்டது. பிள்ளைகள் சிம்லாவுக்கும் சண்டிகருக்கும் படிக்கப் போனார்கள். மடாலயத்துக்குப் போக வேண்டிய தம்பி அரசு வேலைக்குப் போனார், தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லத் தொடங்கினார். வயல் வேலைக்கு நேபாளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இதில் எதையும் கேடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. குளிர்கால நோயாளியை முதுகில் சுமந்து கணவாய் தாண்டிய காலம் திரும்பட்டும் என்று நினைப்பவர், அந்த நோயாளியின் வீட்டாராக இருக்க மாட்டார். கிப்பருக்கும் சிச்சாமுக்கும் நடுவிலுள்ள பெரும் பள்ளத்தைக் கயிற்றில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து கடந்தவர்களுக்கு 2017இல் பாலம் வந்தது. அதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால் வருமானம் கூடியபோது தண்ணீர் கூடவில்லை. பச்சைப் பட்டாணி நேரம் தவறாமல் நீர் கேட்கும் பயிர். கோடையில் வந்து குவியும் பயணிகளுக்காக, ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவில் எழுந்த விடுதிகளில் குழாயும் நீர் ஊற்றும் கழிப்பறையும் இருக்கின்றன. கழிவுநீர் போக வழியில்லாமல் குழியில் தேங்குகிறது. ஒருவர் ஒருமுறை ஊற்றும் நீர், அந்த ஊரின் பழைய கணக்கில் இல்லவே இல்லாத செலவு. மண் வீடு இருந்த இடத்தில் சிமெண்ட் வீடு வருகிறது. குளிரில் அது பனிக்கட்டியாக உறைகிறது, அதைச் சூடாக்க இன்னும் விறகு வேண்டும்.

மேலே பனியும் முன்போல் விழுவதில்லை. குளிர்காலப் பனி தாமதமாகிறது, குறைகிறது. லாங்ஸா, கோமிக் போன்ற மேட்டு ஊர்கள் பெரிய பனியாறு எதையும் நம்பி இல்லாதவை. அந்தந்த ஆண்டுப் பனியே அவற்றின் முதலீடு. அது பொய்த்தால் வயலைத் தரிசாகப் போட வேண்டியதுதான். இன்னொரு பக்கம், கோடையில் வழக்கமில்லாத மழை. ஊருக்கு மேலே ஊறிக் கிடக்க வேண்டிய பனி ஒரே நாளில் மழையாகக் கொட்டினால் வாய்க்காலை அடித்துக்கொண்டு போகும், வயலில் தங்காது. 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிக்கரையில் நூற்றுக்கணக்கான பயணிகள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பயணிகள் திரும்பிப்போகலாம். தாபோவின் மண்கூரை எங்கே போகும்? மழை கசிந்தால் ஆயிரமாண்டு வண்ணம் சேற்றுக் கோடாக வழியும்.

பழைய விதிகள் தளர்ந்தாலும், கூடி விதி செய்யும் பழக்கம் அந்த ஊர்களில் அற்றுப்போகவில்லை என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. கிப்பர் மக்கள் 1990களின் இறுதியில் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை நீலச் செம்மறி என்ற காட்டு ஆடுகளுக்கென விட்டுக்கொடுத்தார்கள். மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் துணையோடு 2002இல் கால்நடைக் காப்பீடும் தொடங்கினார்கள். பனிச்சிறுத்தை யாக்கை அடித்தால் இழப்பீடு ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து வரும். தெமுல் கிராமத்தில் விருந்தினர்களை வீடு வீடாக முறை வைத்துத் தங்கவைக்கிறார்கள். சாலையோரத்து வீட்டுக்காரரே எல்லாரையும் அள்ளிக்கொள்ள முடியாது. தண்ணீருக்கு முறை வைத்தவர்கள் வருமானத்துக்கும் முறை வைத்திருக்கிறார்கள். இந்த முறையில் காங்சென்னுக்கு முதலிடம் என்ற பேச்சும் இல்லை.

தண்ணீருக்கும் ஒரு முயற்சி நடக்கிறது. லடாக்கில் பொறியாளர் செவாங் நோர்பெல் 1980களின் இறுதியில் தொடங்கிய வழி அது. ஏப்ரலில் விதைக்க நீர் வேண்டும். உயரத்திலுள்ள பனியாறு ஜூன் வரை வாய் திறக்காது. அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் பயிர் பிழைப்பதும் காய்வதும். ஆகவே நவம்பரில், வயல்கள் உறங்கத் தொடங்கியதும், யாருக்கும் பயன்படாமல் ஓடும் ஓடையை நிழல் விழும் சரிவுக்குத் திருப்பி, குறுக்கே அடுக்கடுக்காகக் கல்சுவர் எழுப்புகிறார்கள். வேகம் குறைந்த நீர் இரவில் உறையும். மறுநாள் அதன்மேல் இன்னொரு படலம். குளிர்காலம் முடியும்போது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பனித்திட்டு நிற்கும். தாழ்வான இடத்தில் இருப்பதால் மேலேயுள்ள பனியாற்றுக்கு முன்பே அது உருகத் தொடங்கும். ஸ்பிதியிலும் இப்படிச் சுவர் கட்டிப் பார்க்கிறார்கள். நவம்பர் குளிரில் விரல் மரத்துப்போகக் கல் அடுக்கும் வேலை அது. பலித்ததா என்பது ஏப்ரலில், குட்டையின் மடையைத் திறக்கும் காலையில் தெரியும்.